நோட்டீசில் இல்லாத பிரிவு 12

பௌர்ணமிக் கூட்டத்தில், திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டில் என் கையில் திணித்தார்கள்: புது பார்மசி கல்லூரி நோட்டீஸ். ‘அனுமதி பெற்றது’ என்று கொட்டை எழுத்து. அக்கா மகனோடு போய், எந்த அனுமதி என்று கேட்டேன். “எல்லாம் வந்துடும் சார், முதல்ல சீட்டைப் புடிங்க.”

தோழர்களே, இந்திய பார்மசி கவுன்சில் புதுக் கல்லூரிக்கு முதலில் தருவது பாடம் நடத்தும் அனுமதி மட்டுமே. 1948 பார்மசி சட்டம் பிரிவு 12-இன் அங்கீகாரம், முதல் பேட்ச் படித்து முடிக்கும் கட்டத்தில்தான். அது வராவிட்டால் சான்றிதழ் கையில் இருக்கும், பதிவு இருக்காது. பதிவில்லாதவர் சீட்டுக்கு மருந்து கொடுத்தால் பிரிவு 42-இன்படி குற்றம்.

புதுக் கல்லூரிகளுக்குக் கவுன்சில் போட்ட ஐந்தாண்டுத் தடை செல்லாது என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. கதவு திறக்கட்டும், நல்லதுதான். பழைய கல்லூரிகள் நமக்கு எப்போது தாராளமாகத் திறந்தன? ஆனால் சோதனை எலி யார்? வசதியுள்ள வீட்டுப் பையன் ரெண்டு வருஷம் போனால் வேறு படிப்பான். நம்ம காலனிப் பிள்ளை கட்டுவது அம்மாவின் கம்மலை அடகு வைத்த பணம்.

கோயில் உண்டியல் காசுக்கே கணக்கு கேட்கிறோம். பணம் கட்டுமுன் கவுன்சிலின் அனுமதிக் கடிதத்தைக் கேளுங்கள். எந்தப் படிப்புக்கு, எந்த ஆண்டுக்கு என்று படியுங்கள். காட்டாதவனிடம் ஒரு ரூபாயும் கட்டாதீர்கள்.