பின்காவலரின் பொறுமை

பனிக்கட்டித் தரையிலே, இரும்பு அலகு பூட்டிய சப்பாத்துக்களுடன் பக்கத்துக்கு அறுவராக வழுக்கி ஓடி, கறுப்பு றப்பர் வட்டு ஒன்றினை வளைகோலால் அடித்தாடுவது பனி ஹொக்கி. கனடா நாட்டு மக்களுக்கு அஃது உயிருக்கு நிகரான ஆட்டம். கண் இமைப்பதற்குள் வட்டு களத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் பாய்ந்துவிடும். அத்தகைய வேகத்தின் நடுவே, அவசரம் என்பதையே அறியாதவராய் ஆடிப் புகழ் பெற்றவர் டக் ஹார்வி.

1924ஆம் ஆண்டில் மொன்றியல் நகரிற் பிறந்த ஹார்வி, 1947இல் அந்நகரின் கனேடியன்ஸ் அணியிற் சேர்ந்தார். வட்டு தம் பக்கம் வந்தால், அதனை எப்படியேனும் அப்பாலே தள்ளிவிடுவதே பின்காவலரின் கடமை என்று பலரும் எண்ணியிருந்த காலம் அது. ஹார்வியோ தம் இலக்கின் முன்னிலையிலேயே வட்டினைத் தம்மிடம் வைத்துக்கொண்டு காத்து நிற்பார். எதிரி நெருங்கிய பின்னரே தக்க தோழருக்கு அதனை அனுப்புவார். ஆட்டத்தின் வேகத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் அவர் கையில் இருந்தன. அவர் காலத்தில் அவ்வணி ஆறு முறை ஸ்டான்லி கிண்ணத்தை வென்றது. அவற்றுள் ஐந்து, 1956 முதல் 1960 வரை தொடர்ச்சியாகக் கிடைத்தவை. சிறந்த பின்காவலருக்குரிய நொறிஸ் விருது ஏழு முறை ஹார்வியை நாடி வந்தது.

இவ்வளவு புகழும் பெற்ற ஒருவர், தம் நலனை மட்டும் பேணி வாழ்ந்திருக்கலாம். ஆனால் 1957இல், டெட்ரோயிட் அணியின் டெட் லின்ட்சியுடன் சேர்ந்து ஆட்டக்காரருக்கென ஒரு சங்கம் அமைக்க முன்னின்றார். தங்கள் ஓய்வூதிய நிதியின் கணக்கைக் காட்டுமாறு அவர்கள் கேட்டனர். அணிகளின் உரிமையாளர் சினந்தனர். அவ்வாண்டே லின்ட்சி சிக்காகோவுக்கு மாற்றப்பட்டார். மறு ஆண்டிலே சங்கம் கலைந்தது. 1961இல் ஹார்வியும் நியூ யோர்க் அணிக்கு அனுப்பப்பட்டார். சங்கத்தில் ஈடுபட்டதற்கான தண்டனையே அது எனப் பலர் கருதினர். அவரோ அங்கே ஆட்டக்காரராகவும் பயிற்றுநராகவும் கடமையாற்றி, மறு ஆண்டே தமது ஏழாவது விருதை வென்றார்.

அவரிடம் குறையே இல்லையென்று கூறுதல் பொய்யாகும். மதுப்பழக்கம் அவரது பிற்கால வாழ்வை அரித்தது. அவருடைய 2ஆம் இலக்கச் சட்டையை வேறெவரும் அணியலாகாது எனப் பழைய அணி கௌரவம் செய்தது 1985இலேதான். 1989 டிசம்பரில், 65 வயது நிறைந்த சில நாட்களில், ஈரல் நோயினால் அவர் காலமானார்.

1967இல் ஆட்டக்காரர் சங்கம் மீண்டும் தோன்றி நிலைபெற்றது. அதன் பயனை அனுபவித்தவர் பின்வந்த இளைஞர். மரத்தை நட்டவர் ஒருவர். நிழலில் அமர்பவர் வேறொருவர். நட்டவர் பெயரையேனும் நாம் நினைவில் வைத்திருத்தல் வேண்டாமா?