அவசரமும் முக்கியமும்

வேலைத்தலத்தில் நேரத்தைத் திட்டமிடுவது எவ்வாறு என்று கூறும் நூல்கள் இன்று ஏராளம். அவற்றுட் பல, தமது நாட்குறிப்பைத் தாமே வகுத்துக்கொள்ளும் அதிகாரிகளை மனத்திற்கொண்டு எழுதப்பட்டவை. கடைகளிலும் முதியோர் பராமரிப்பு இல்லங்களிலும் முறைமாறிப் பணிபுரியும் எமது பெற்றோரின் நாட்குறிப்பை வகுப்பவரோ மேற்பார்வையாளர். ஆயினும் அந்நூல்களில் அடிக்கடி எடுத்தாளப்படும் கருத்தொன்று எமக்கும் பொருந்துவதே.

1954 ஆம் ஆண்டில் எவன்ஸ்ரன் நகரில் உரையாற்றிய அமெரிக்க சனாதிபதி ஐசனோவர், அவசரமான பிரச்சினைகள் வேறு, முக்கியமான பிரச்சினைகள் வேறு என்பதை முன்னாள் கல்லூரித் தலைவர் ஒருவரின் கருத்தாக எடுத்துரைத்தார். 1989 இல் ஸ்டீபன் கோவி தமது நூலில் இவ்வேறுபாட்டை நான்கு கட்டங்களாக்கி உலகெங்கும் பரப்பினார். அவசரத்துக்கு வாய் உண்டு. தொலைபேசி ஒலிக்கும், “நாளைக் காலை ஓர் ஆள் குறைகிறது, வர முடியுமா?” என்று கேட்கும். முக்கியமானதற்கு அத்தகைய குரல் இல்லை. அது பிற்போடப்படும்போது எவரும் எம்மைக் கண்டிப்பதில்லை.

சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு இத்தகையது. வாரம் 2 மணி நேரம், ஆண்டுக்கு 40 வாரங்கள் எனக் கொண்டால் மொத்தம் 80 மணி நேரம். அதாவது 3 நாளும் 8 மணி நேரமும். ஒரு பிள்ளை ஓராண்டு முழுவதும் வகுப்பறையிற் தமிழுடன் இருக்கும் காலம் இவ்வளவே. இதில் ஐந்து சனிக்கிழமைகள் மேலதிக வேலைக்காகக் கழிந்தால், எட்டில் ஒரு பங்கு போய்விடுகிறது. அரிச்சுவடி வகுப்பிலே ஐந்து வாரம் தவறிய பிள்ளை ஆறாவது வாரம் வந்து அமரும்போது படும் சங்கடத்தை ஆசிரியர்கள் நன்கறிவர்.

வீட்டுக் கடனும் ஊரிலுள்ள உறவுகளின் தேவையும் உண்மையானவை. மேலதிக வேலையே கூடாதென்று கூறும் உரிமை எமக்கில்லை. ஆனால் அது எந்த நாளில் என்பதிலே சிறிதளவு தெரிவு பலருக்கு உண்டு. பிரித்தானியாவில் 1998 முதல் நடைமுறையிலுள்ள வேலைநேர விதிகள், சராசரியாக வாரம் 48 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யுமாறு கட்டாயப்படுத்துவதைத் தடுக்கின்றன. அந்த எல்லையிலிருந்து விலகச் சம்மதித்து ஒப்பமிட்டவரும் உரிய முன்னறிவித்தல் கொடுத்து அச்சம்மதத்தை மீளப்பெறலாம். வேலை அட்டவணை தயாராகு முன்னரே சனி காலை இயலாதென அறிவிப்பது, அது வெளிவந்தபின் கெஞ்சுவதிலும் எளிது. ஞாயிறு மாலையை விட்டுக்கொடுக்க முன்வருபவரை மேற்பார்வையாளர் எளிதில் மறுப்பதில்லை.

மாணவர்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். சிங்கப்பூரில் வரலாற்றுப் பேராசிரியராயிருந்த பாக்கின்சன், கொடுத்த நேரம் முழுவதும் நிரம்பும்வரை வேலை விரியும் என 1955 இல் வேடிக்கையாக எழுதினார். அவர் நையாண்டி செய்தது அரச அலுவலகங்களை. எமது பிள்ளைகளின் தமிழ் வீட்டுப்பாடத்துக்கும் அது அச்சொட்டாகப் பொருந்துகிறது! வாரம் முழுவதும் இருக்கிறதென்று விடப்பட்ட ஒரு பக்கக் கட்டுரை, சனி காலை வாகனத்தின் பின்னிருக்கையில், முழங்காலிற் கொப்பியை வைத்து எழுதப்படுகிறது. புதன் இரவு உணவுக்கு முன் அரைமணி நேரம் எனக் குறித்துவைத்தால், எழுத்தாவது நேராக இருக்கும்.