இஞ்ச பிறந்த உடம்புக்கு டெங்கு வராதோ?

ஒரு மார்கழியில மாமா லண்டனில இருந்து வந்திருந்தார். சூட்கேசுக்குள்ள தண்ணி வடிகட்டி, கை கழுவுற ஜெல், வயித்தோட்டக் குளிசை எல்லாம் இருந்தது. கிணத்துத் தண்ணியில பிள்ளையளை வாய் கொப்பளிக்கக்கூட விடேல்லை. ஆனா பின்னேரம் அரைக்காற்சட்டையோட முற்றத்தில இருந்து கதைப்பார். "நுளம்பு கடிக்குது மாமா, உள்ள வாங்கோ" எண்டால், "நான் இந்த மண்ணில வளர்ந்தனான், எனக்கு ஒண்டும் செய்யாது" எண்டு சிரிப்பார். எட்டாம் நாள் காய்ச்சல்.

தண்ணிக்குப் பயந்தது பிழையில்லை. குடாநாட்டின் நிலத்தடி நீர் சுண்ணாம்புக் கல்லுக்குள் தேங்குவது. மலசலகூடக் குழியில் இருப்பதும் தோட்டத்துக்குப் போடும் உரமும் அதற்குள் இலகுவாக இறங்கும். கொதிக்க வைச்சால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. அது வருசம் முழுக்கக் குடிக்கிற எங்கட பிரச்சினையும்தான்.

பிழை அந்த "ஒண்டும் செய்யாது" என்பதில்தான். டெங்கு வைரசில் 4 வகை உண்டு. ஒரு வகை வந்து மாறினால் அந்த வகைக்கு மட்டுமே நீண்டகாலப் பாதுகாப்பு. பிறகு வேறொரு வகை தொற்றினால் நோய் கடுமையாகும் வாய்ப்புக் கூட. சின்ன வயதில் இஞ்ச தெரியாமலே ஒருமுறை டெங்கு வந்து போனவருக்கு, முதல்முறை வாற வெள்ளைக்காரரை விட ஆபத்து அதிகமாக இருக்கலாம். "இந்த மண்ணில வளர்ந்தனான்" என்பது கவசம் இல்லை, கூடுதல் கவனத்துக்கான காரணம்.

இன்னும் சிலர் மலேரியாக் குளிசை கேட்டு வருகினம். 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்துவிட்டது. மனதில் இருக்கிற ஊர் பழைய ஊர். இப்ப பயப்பட வேண்டியது பகலில் கடிக்கிற டெங்கு நுளம்புக்கு. 2017இல் நாடு முழுக்க 1 லட்சத்து 86 ஆயிரம் பேருக்கு மேல் டெங்கு வந்தது. யாழ்ப்பாணத்தில் அது கூடுவது ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு. நத்தாருக்கும் பொங்கலுக்கும் எங்கட ஆக்கள் வந்து இறங்குவதும் அப்பதான்.

காய்ச்சல் வந்தால் பனடோல் மட்டும். ஐபுபுரூபன், அஸ்பிரின் வேண்டாம், இரத்தக் கசிவைக் கூட்டும். இரத்தப் பரிசோதனையைத் தள்ளிப் போடாதேங்கோ. காய்ச்சல் விட்டதும் சுகம் எண்டு நினைக்காதேங்கோ, ஆபத்தான கட்டம் தொடங்குவதே அப்பதான். வயித்து நோ, விடாத சத்தி, அளவுமீறின சோர்வு இருந்தால் உடனே ஆஸ்பத்திரி. திரும்பிப் போய் இரண்டு கிழமைக்குள் காய்ச்சல் வந்தால், அங்கத்தை டொக்டரிடம் "யாழ்ப்பாணம் போய் வந்தனான்" எண்டு முதல் சொல்லுங்கோ. சொல்லாவிட்டால் அவருக்கு டெங்கு ஞாபகம் வராது.

இன்னொன்றும் சொல்லவேணும். மாமா வந்தது 3 கிழமைக்கு. அவற்ற பூட்டின வீடு வருசம் முழுக்க எங்கட ஒழுங்கையில இருக்கு. மூடாத தண்ணித் தாங்கி, இலை அடைச்ச பீலி, வளவு முழுக்கச் சிரட்டை. கேற்றில பூட்டுத் தொங்கினால் பரிசோதகர் எப்பிடி உள்ள போறது? வருத்தம் வருமோ எண்டு பயந்து வாறவையின்ர வீடே அயலுக்கு நுளம்பு வளர்க்குது.

மாமா சுகமாகிப் போயிட்டார். போகேக்க பக்கத்து வீட்டில திறப்பைக் குடுத்து, மாதம் ஒருக்கா வளவு துப்பரவாக்கக் காசும் குடுத்தவர். கொண்டுவந்த வடிகட்டியை விட அதுதான் பெரிய தற்காப்பு. அவருக்கும் எங்களுக்கும்.