மூன்று அங்குலத்துக்குள் ஒரு போர்க் கோட்பாடு

சிற்றுருவப் படைகளை மேசைமேல் நிறுத்தி ஆடும் போர் விளையாட்டுகளைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் பகடையும் நிகழ்தகவுமே நம் உரையாடலில் முன்னிற்கின்றன. எந்த ஆயுதம் எத்தனை உயிர் பறிக்கும், எந்தக் கவசம் எவ்வளவு தாங்கும் என்ற அட்டவணைகளையே அவ்விளையாட்டின் போர்க் கோட்பாடாகக் கொண்டுவிடுகிறோம். எனக்கு இதில் உடன்பாடில்லை. இரு படைகள் நெருங்கிக் கைகலக்கும் கடைசிச் சில அங்குலங்களில் யார் எங்கே நகரலாம், யார் விலகிப் போகலாம் என்று ஒரு விதிநூல் வகுக்கிறதே, அங்கேதான் போரைப் பற்றி அது உண்மையில் என்ன நம்புகிறது என்பது வெளிப்படுகிறது.

ஹெச்.ஜி. வெல்ஸ் 1913இல் வெளியிட்ட 'லிட்டில் வார்ஸ்' நூலிலிருந்து தொடங்குவோம். அதில் காலாட்படை ஒரு முறைக்கு ஓரடி நகரும், குதிரைப்படை ஈரடி. கைகலப்பில் பகடைக்கு இடமில்லை. ஆளுக்கு ஆள் என இரு பக்கமும் மடியும். ஆனால், ஒரு சிறு படை தன் துணையிலிருந்து பிரிந்து தனித்து நின்றால் கணக்கு மாறிவிடும். அதில் ஒரு பகுதி சிறைப்படும். ஒரு நகர்வில் வந்து சேரும் தொலைவுக்குள் போதிய தோழர்கள் இருக்கிறார்களா என்பதை வைத்தே அப்படை தனித்துவிட்டதா என்று முடிவுசெய்கிறார் வெல்ஸ். முன்னால் நிற்கும் வீரனின் தலைவிதியைப் பின்னால் நிற்பவர்களின் தொலைவு தீர்மானிக்கிறது. பொம்மை வீரர்களை வைத்துச் சொல்லப்பட்டாலும் இது ஆழமான கருத்து.

1870ஆம் ஆண்டுப் போரில் படுகாயமுற்று மாண்ட பிரெஞ்சுக் கர்னல் அர்தான் து பிக், பண்டைப் போர்களை ஆராய்ந்து இதற்கு நெருக்கமான ஒரு முடிவுக்கு முன்னரே வந்திருந்தார். இரு படைகள் முழு வேகத்தில் உடலோடு உடல் மோதுவது அரிது. மோதலுக்கு முன்பே ஒரு பக்கம் மனமுடைந்து திரும்பிவிடும். பெருங்கொலை நிகழ்வது முதுகு காட்டிய பிறகே என்பது அவர் வாதம். பில் பார்க்கரும் உடன் ஆசிரியர்களும் 1990இல் உருவாக்கிய 'டி பெல்லிஸ் ஆன்டிக்விடாடிஸ்' விதிகளில் இப்பார்வையின் சாயலைக் காணலாம். அதில் கைகலப்பில் தோற்ற அணி பல நேரங்களில் அழிவதில்லை, ஓரடி பின்னடைகிறது. பின்னடைய வேண்டிய வேளையில் பக்கவாட்டிலோ முதுகிலோ எதிரி அணி ஒட்டி நின்றால் அது அழிகிறது. போக வழியற்றவன் சாகிறான். கி.மு. 216இல் கன்னேயில் ஹன்னிபலின் வளையத்துக்குள் சிக்கிய ரோமப் படைக்கு நேர்ந்ததும் அதுவே.

இப்போது 'வார்ஹேமர் 40,000' விளையாட்டின் 2017ஆம் ஆண்டு எட்டாம் பதிப்பைப் பாருங்கள். இரு பகடைகளின் கூட்டுத்தொகை எத்தனையோ அத்தனை அங்குலம் பாய்ந்து எதிரியை நெருங்கலாம். பிறகு ஒவ்வொரு சிற்றுருவமும் மூன்று அங்குலம் வரை நகர்ந்து நெருக்கிக்கொள்ளலாம். அடித்து முடித்தபின் மேலும் மூன்று அங்குலம். நிபந்தனை ஒன்றே: நகர்வின் முடிவில், தனக்கு மிக அருகிலுள்ள எதிரிக்கு முன்னிலும் நெருக்கமாக இருக்க வேண்டும். கூட்டமாகப் பாய்ந்து விழும் வெறியைக் காட்டவே இவ்விதி எழுதப்பட்டது போலத் தோன்றும். தேர்ந்த ஆட்டக்காரர்கள் இதை வேறு விதமாகப் படித்தார்கள். நேராக முட்டாமல் வளைந்து சென்றால், அதே மூன்று அங்குலத்தில் ஓர் எதிரி வீரனை மூன்று புறமும் அடைத்துவிடலாம். எதிரி உருவத்தைக் கடந்து நகர முடியாதாகையால் அவன் பின்வாங்க வழியில்லை.

வியப்பு இனிமேல்தான். சிக்கியவனைக் கொல்லாமல் விட்டுவைப்பதே இந்த உத்தியின் உயிர். தன் படையினருக்கு ஓர் அங்குலத்துக்குள் நிற்கும் எதிரி அணியைச் சுடக்கூடாது என்பது அப்பதிப்பின் விதி. எனவே, அகப்பட்டவன் உயிரோடு இருக்கும்வரை அவனைச் சூழ்ந்தவர்கள் மீது எதிரியின் துப்பாக்கி திரும்பாது. அவன் பணயக் கைதி ஆகிறான். கன்னேயில் வளையத்துக்குள் அகப்பட்டவன் செத்தான். இங்கே அகப்பட்டவன் காப்பாற்றப்படுகிறான், கேடயமாக. மனித உயிருக்கு மதிப்பேயில்லை என்று பறைசாற்றும் ஒரு கற்பனை உலகில், தன் தோழன் மேல் குண்டு பாயக் கூடாது என்ற அறத் தயக்கம் மட்டும் மீறவியலாத சட்டமாக நிற்கிறது. அந்தத் தயக்கத்தையே ஆட்டக்காரர் ஆயுதமாக்கிக்கொள்கிறார்.

இது வெறும் விளையாட்டு, ஆடுவதற்கு எளிதாக இருந்தால் போதும் என்று நண்பர்கள் சொல்லக்கூடும். அவ்வாதத்தில் உண்மை உண்டு. ஒரு பக்கம் முழுவதும் நகர்ந்து, சுட்டு, அடித்து முடிக்கும்வரை மறுபக்கம் பெரும்பாலும் காத்திருக்கும் முறையில், தன் முறையிலேயே எதிரியைத் துடைத்தெறிந்த படை அடுத்த முறையில் வெட்டவெளியில் நிற்க நேரிடும். வளைத்துப் பிடிப்பது அச்சிக்கலுக்கு ஆட்டக்காரர் கண்ட தீர்வு. அதை ஏமாற்று என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் எளிமைக்காக எழுதிய விதியும் ஒரு கோட்பாட்டைச் சுமந்தே வருகிறது. அச்சம், சோர்வு, தப்பியோடும் துடிப்பு ஆகியவை விதியில் இடம்பெறாத இடத்தை வடிவகணிதம் நிரப்பிக்கொள்கிறது.

விதி எழுதுவோரும் இதை உணர்ந்திருக்க வேண்டும். 2023இல் வந்த பத்தாம் பதிப்பில், பின்வாங்கும் வீரர்கள் எதிரியை ஊடுருவிச் செல்லலாம். அப்படிச் செல்லும் ஒவ்வொருவருக்கும் ஒரு பகடை, ஒன்றோ இரண்டோ விழுந்தால் ஓர் உயிர் போகும். நெருக்கும் நகர்விலும், இயன்றால் எதிரியை ஒட்டியே நிற்க வேண்டும் என்ற நிபந்தனை சேர்ந்தது. தப்பும் உரிமையும் அதற்கான விலையும் ஒருசேரத் திரும்பி வந்தன. து பிக் இதை ஏற்றிருப்பார் என்றே நினைக்கிறேன்.

ஆகவே, விளையாட்டுகளை ஆராய முனையும் மாணவர்களிடம் என் வேண்டுகோள் இது. ஒரு போர் விளையாட்டை வரலாற்றின் மாதிரியாகவோ பண்பாட்டுப் பிரதியாகவோ வாசிக்கும்போது அதன் கதையையும் சேத அட்டவணையையும் சற்றே ஒதுக்கிவைத்து, கைகலப்பின் நகர்வு விதிகளை முதலில் படியுங்கள். எதிரியைத் தொட்ட பின் விலக முடியுமா? முடியுமெனில் என்ன விலை? சூழப்பட்டவனுக்கு என்ன நேர்கிறது? இம்மூன்று கேள்விகளுக்கும் அந்நூல் தரும் விடை, அதன் முன்னுரை சொல்லாத பலவற்றைச் சொல்லிவிடும்.

மாறுபடுவோர் தத்தம் விதிநூல்களிலிருந்து சான்று காட்டி எழுதுக. கற்றுக்கொள்ளக் காத்திருக்கிறேன்.