குற்றவாளிக்குத் தூக்கம் வருமா?

ரீமேக், இரண்டாம் பாகம் பற்றியெல்லாம் எங்கள் பக்கத்து ஆட்களுக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 1995-ல் திருச்சியிலிருந்து பிரிந்து பெரம்பலூர் மாவட்டம் ரிலீஸ் ஆனது. 2001-ல் அதிலிருந்து அரியலூர் தனி மாவட்டம். 2002-ல் படத்தைத் தூக்கிவிட்டார்கள். மறுபடி பெரம்பலூரோடு சேர்த்தாயிற்று. 2007-ல் மறு ரிலீஸ். இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் போர்டு மாறியது, ரப்பர் ஸ்டாம்ப் மாறியது. பைசலாகாத ஃபைல் மட்டும் அப்படியே மூட்டையில் ஏறி அடுத்த ஆபீஸுக்குப் போயிருக்கும்.

க்ரைம் படங்களிலும் இதே கதைதான் சார். மூலப் படம் ஒரு பாக்கியை வைத்துவிட்டு முடிகிறது. அந்தப் பாக்கியை ரீமேக் என்ன செய்கிறது, இரண்டாம் பாகம் என்ன செய்கிறது என்று பாருங்கள். பி.காம். படித்த புத்தி, எனக்கு எல்லாமே பேரேடாகத்தான் தெரிகிறது.

நார்வே, ஸ்வீடன், டென்மார்க் மூன்றையும் சேர்த்து ஸ்காண்டிநேவியா என்கிறார்கள். குளிர் தேசம். ஜனங்கள் கம்மி, பேச்சு அதைவிடக் கம்மி. ஆனால் கொலைப் படம் எடுப்பதில் மன்னர்கள். (இனிமேல் க்ளைமாக்ஸ்களைப் போட்டு உடைக்கப் போகிறேன். சஸ்பென்ஸ் முக்கியம் என்பவர்கள் ஜோசியப் பக்கத்துக்குப் போய்விடலாம்.)

1997-ல் நார்வேயில் 'இன்சோம்னியா' என்று ஒரு படம். தூக்கமின்மை என்று அர்த்தம். ஒரு பெண்ணின் கொலையை விசாரிக்க வடகோடி ஊரான ட்ராம்சோவுக்கு ஒரு ஸ்வீடன்காரப் போலீஸ் வருகிறார். ஸ்டெலன் ஸ்கார்ஸ்கார்ட் நடித்திருக்கிறார். மூடுபனியில் கொலைகாரனைத் துரத்தும்போது தவறுதலாகத் தன்னுடன் வந்த போலீஸ்காரரையே சுட்டுவிடுகிறார். பழியைக் கொலைகாரன் தலையில் போட்டுவிடலாம் என்று பார்த்தால், நடந்ததைக் கொலைகாரனே பார்த்திருக்கிறான்! அந்த ஊரில் கோடையில் சூரியன் மறைவதே இல்லை. ராத்திரி 12 மணிக்கும் ஜன்னலில் வெயில். நம்ம ஊரில் கொசுவும் கரண்ட் கட்டும் செய்கிற வேலையை அங்கே சூரியன் செய்கிறது. மனுஷன் தூங்கவே முடியாமல் தவிக்கிறார்.

கடைசியில்? உள்ளூர்ப் பெண் போலீஸுக்கு உண்மை தெரிந்துவிடுகிறது. துப்பாக்கி ரவையின் காலிக் கூட்டை அவர் எதிரில் வைத்துவிட்டுப் பேசாமல் போய்விடுகிறாள். அவரும் காரை ஓட்டிக்கொண்டு போகிறார். அவ்வளவுதான். தண்டனையும் இல்லை, தூக்கமும் இல்லை.

2002-ல் கிறிஸ்டோபர் நோலன் இதை அமெரிக்காவுக்குக் கொண்டு போனார். ஊர் அலாஸ்கா, போலீஸ் அல் பசினோ, கொலைகாரன் ராபின் வில்லியம்ஸ். அதே பனி, அதே துப்பாக்கிச் சூடு, அதே வெயில். முடிவு மட்டும் வேறு. உண்மையை மறைக்கப் பார்க்கும் இளம் பெண் போலீஸைத் தடுத்து, வழி தவறிவிடாதே என்று சொல்லிவிட்டு அல் பசினோ செத்துப் போகிறார். வரவு செலவு சரி, கணக்கு முடிந்தது, தியேட்டர் காலி.

ஒரு படத்தை வைத்துத் தீர்ப்பு எழுதுகிறாயா என்பீர்கள். சரி, இன்னொன்று. டென்மார்க்கின் 'தி கில்டி', 2018. பணியில் ஒருவரைச் சுட்டுக் கொன்ற வழக்கில் மாட்டிய போலீஸ்காரரை அவசரப் போன் எடுக்கும் சீட்டில் உட்கார வைத்திருக்கிறார்கள். மறுநாள் கோர்ட். படம் பூராவும் அந்த ஆபீஸ்தான், போன்தான், அவர் முகம்தான். செலவு மிச்சம்! கடைசியில் மனம் திருந்தி வெளியே போகும்போது யாருக்கோ போன் போடுகிறார். யாருக்கு? சொல்லாமலே படத்தை முடித்துவிட்டார்கள். 2021-ல் வந்த அமெரிக்க ரீமேக்கில் ஜேக் ஜில்லன்ஹால். அதில் சந்தேகமே வேண்டாம், அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார் என்ற செய்தியையும் கேட்க வைத்துத்தான் அனுப்புகிறார்கள்.

அமெரிக்காக்காரர்களைக் குறை சொல்லவில்லை. குற்றவாளி வீட்டுக்குப் போய்விட்டால் டிக்கெட் வாங்கியவனுக்குத் தூக்கம் வராது என்று நினைக்கிறார்கள். ஸ்காண்டிநேவியாக்காரர்களோ, உனக்கும் வரவேண்டாம் என்று விட்டுவிடுகிறார்கள்.

இரண்டாம் பாகம் வேறு ஜாதி. அது வட்டி வசூலுக்கு வருகிற ஆள். டென்மார்க்கில் ஓலே போர்னெடால் 1994-ல் 'நைட்வாட்ச்' எடுத்தார். பிணவறையில் இரவுக் காவல் வேலைக்குச் சேரும் சட்டக் கல்லூரி மாணவனின் கதை. 1997-ல் ஈவன் மெக்ரெகரை வைத்து அவரே ஆங்கிலத்தில் எடுத்தார். 2023-ல் அவரே இரண்டாம் பாகம் எடுத்தார். அந்த மாணவனின் மகள் அதே பிணவறையில் அதே இரவுக் காவலுக்குப் போகிறாள். மகளாக நடித்தது டைரக்டரின் சொந்த மகள். அப்பா பட்ட பயத்துக்கு இத்தனை வருஷம் கழித்து மகள் வட்டி கட்டுகிறாள்.

பேரேட்டில் வருஷக் கடைசியில் 'இருப்பு கீ/இ' என்று இறக்கி வைப்போமே, ஞாபகம் இருக்கிறதா? அடுத்த வருஷம் முதல் வரியிலேயே 'இருப்பு கீ/கொ' என்று அது வந்து நிற்கும். இரண்டாம் பாகத்தின் முதல் சீன் அதுதான்.

இப்போது நம் பக்கம் வருவோம். ஜீத்து ஜோசப்பின் 'த்ருஷ்யம்', 2013. கேபிள் டி.வி. நடத்தும் ஒரு சாதாரணக் குடும்பஸ்தன், மகள் கையால் செத்த பையனைப் புதைத்துவிட்டு, டிக்கெட்டையும் ஹோட்டல் பில்லையும் வைத்து போலீஸையே சுற்ற விடுகிறான். மலையாளத்தில் மோகன்லால் கடைசிவரை நிதானம் தவறுவதில்லை. அதே டைரக்டர் 2015-ல் தமிழில் 'பாபநாசம்' எடுத்தபோது, செத்தவனின் பெற்றோர் முன்னால் கமல் உடைந்து அழுகிறார். 2019-ல் சீனாவில் 'ஷீப் வித்அவுட் எ ஷெப்பர்ட்' என்று எடுத்தார்கள். அங்கே அப்பன் போய்ச் சரணடைந்தே விடுகிறான்.

ஒரே பிணம், மூன்று முடிவு. ஒருத்தன் விழுங்கினான், ஒருத்தன் அழுதான், ஒருத்தன் ஜெயிலுக்குப் போனான். எது சரி என்று அரியலூரில் உள்ள நண்பரைக் கேட்டேன். சிமெண்ட் கம்பெனியில் கணக்கு பார்ப்பவர், நைட் ஷிப்ட் ஆசாமி, தூக்கமின்மையில் அனுபவஸ்தர்.

"மலையாளம்தான் சார் கரெக்ட். அழுதா பாரம் குறைஞ்சிடும். அழாதவன்தான் இரண்டாம் பாகத்துல மாட்டுவான்" என்றார்.

யோசித்தால் நியாயமாகத்தான் படுகிறது. 2021-ல் வந்த 'த்ருஷ்யம் 2'-ல் ஆறு வருஷம் கழித்துப் பழைய பாக்கி கதவைத் தட்டுகிறது. போலீஸைக் கண்டாலே பெரிய மகளுக்கு உடம்பு நடுங்குகிறது. அப்பன் மறுபடியும் ஜெயிக்கிறான். ஆனால் ஆயுசு பூராவும் பயந்துகொண்டே இருப்பதுதான் இவனுக்குத் தண்டனை என்று ஒரு போலீஸ் அதிகாரியே சொல்லிவிடுகிறார். தெலுங்கு, கன்னடம், இந்தி என்று இரண்டாம் பாகமும் ஊர் ஊராகப் போனது. தமிழில் மட்டும் வரவில்லை. கால்ஷீட், பட்ஜெட் என்று ஆயிரம் காரணம் இருக்கலாம். நண்பர் கட்சிப்படி பார்த்தால், சுயம்புலிங்கம் அழுதே பாதிக் கடனைக் கட்டிவிட்டான். மீதிக்கு ஒரு படம் தேறாது!

விளையாட்டாகச் சொன்னாலும், இந்தப் படங்களில் என்னைப் பிடித்து உலுக்குவது கொலை இல்லை. நாம் யாரும் கொலை செய்யப் போவதில்லை. ஆனால் நம் கையால் நடந்த ஒன்றுக்கு வேறொருவர் மெமோ வாங்கும்போது, ஃபைலைப் புரட்டுகிற மாதிரி தலையைக் குனிந்துகொள்கிறோமே, அந்த இடம். யாரும் பார்க்கவில்லை, யாரும் கேட்கப் போவதும் இல்லை. சாயங்காலம் வழக்கம்போல டீ குடித்துவிட்டு பஸ் ஏறுகிறோம். அந்த ஸ்வீடன்காரர் காரை ஓட்டிக்கொண்டு போனதும் அப்படித்தான்.

நண்பருக்கு ஒரே ஆசை, 'இன்சோம்னியா'வை எங்கள் பக்கத்தில் ரீமேக் செய்ய வேண்டுமாம். நடுராத்திரி சூரியனுக்குப் பதில் ஃபேக்டரி விளக்கு, மூடுபனிக்குப் பதில் சுண்ணாம்புப் புழுதி, தூக்கத்தைக் கெடுக்க ரோட்டில் லாரிகள். 'த்ருஷ்யம்' வேண்டாமா என்றேன்.

"அது மட்டும் இங்கே செல்லாது சார். உங்க பெரம்பலூர் பக்கம் சாத்தனூர்ல கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன்னால மண்ணுக்குள்ள போன மரம், 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லா கிடக்கு. எங்க பக்கம் சுண்ணாம்பு வெட்டற இடத்துல கடல் பிராணியா கிடைக்குது. வாரணவாசியில மியூசியமே கட்டி வச்சிருக்காங்க. இந்த மண்ணுல எதைப் புதைச்சாலும் ஒருநாள் வெளிய வந்துடும்!"