சின்னஞ்சிறுசுகளோடு ஒரு ஸபர்

 

பெருநாள் முடிந்து நாலைந்து நாள் போய்விட்டால் நம் ஊர்களில் ஒரே பேச்சுத்தான்: "இந்த லீவுக்கு எங்கே போவது?" முஸ்லிம் பாடசாலைகளுக்கு ரமழானையொட்டி விடுமுறை கிடைக்கிறது. நோன்பு நாட்களில் யாரும் எங்கும் போவதில்லை. பெருநாளுக்குப் பின் மிஞ்சும் சில நாட்களுக்குள் போய்வர வேண்டும் என்ற அவசரத்தில் வேன் ஒன்றைப் பேசுவார்கள். உம்மும்மா முதல், நாற்பது கழிந்த பச்சைக் குழந்தை வரை எல்லோரும் ஏறிக்கொள்வார்கள்.

"ஸுபஹு தொழுதுவிட்டு வெளிக்கிட்டால் பின்னேரம் நுவரெலியா. மறுநாள் சுற்றிப் பார்த்துவிட்டு இரவோடிரவாகத் திரும்பிவிடலாம்" என்று வாப்பாமார் கணக்குப் போடுவார்கள். அந்தக் கணக்கில் கிலோமீட்டர் இருக்கும், வேன் கூலி இருக்கும், சாப்பாட்டுச் செலவு இருக்கும். மடியில் இருக்கும் எட்டு மாதக் குழந்தை மட்டும் இருக்காது.

போய் வந்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். "அருமையான பயணம்" என்று மற்றவர்கள் சொல்வார்கள். பிள்ளையைச் சுமந்த தாய் மட்டும், "இனி இவன் வளரும்வரைக்கும் நான் எங்கேயும் வரமாட்டேன்" என்பாள். ஒரே வேனில் போய் ஒரே வேனில் திரும்பியவர்களுக்கிடையில் ஏன் இந்த வேறுபாடு?

பிரயாணம் வேதனையின் ஒரு பங்கு. அது மனிதனின் ஊணையும் உறக்கத்தையும் தடுத்துவிடுகிறது என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் கூறியதாக புகாரியிலும் முஸ்லிமிலும் வந்திருக்கிறது. வளர்ந்தவர்களுக்கே இப்படியென்றால், பசியையும் தூக்கத்தையும் அழுகையால் மட்டுமே சொல்லத் தெரிந்த குழந்தைக்கு எப்படியிருக்கும்? அந்த அழுகைக்குப் பதில் சொல்ல வேண்டிய தாய்க்கு எப்படியிருக்கும்?

யாருடைய வேகத்தில் போவது?

ஸபரில் நபி (ஸல்) அவர்கள் எப்படி நடந்துகொண்டார்கள் என்று ஜாபிர் (ரழி) அவர்கள் அறிவிப்பது அபூதாவூதில் உண்டு. நபியவர்கள் கூட்டத்தின் பின்னால் தங்கி வருவார்கள். பலவீனரை முன்னே செல்ல உதவுவார்கள். நடக்க முடியாதவரைத் தம் வாகனத்தில் பின்னால் ஏற்றிக்கொள்வார்கள். அவர்களுக்காக துஆச் செய்வார்கள். பெண்கள் ஏறிய ஒட்டகங்களை அன்ஜஷா (ரழி) வேகமாக ஓட்டியபோது, கண்ணாடிப் பாத்திரங்களை ஓட்டிச் செல்வது போல் மெதுவாக ஓட்டும்படி சொன்னார்கள். ஆக, கூட்டத்தில் யார் பலவீனரோ அவருடைய வேகமே கூட்டத்தின் வேகம். நமது வேனில் அந்தப் பலவீனர் யார்? தாயின் மடியில் இருப்பவர்தான்.

இன்னொரு சம்பவத்தையும் நினைத்துப் பாருங்கள். ஒரு பயணத்தில் அன்னை ஆயிஷா (ரழி) அவர்களின் கழுத்து மாலை தொலைந்துவிட்டது. அதைத் தேடுவதற்காக நபியவர்கள் அங்கேயே தங்கினார்கள். படை முழுவதும் தங்கியது. அங்கே தண்ணீரும் இல்லை. அவர்கள் கையிலும் தண்ணீர் இல்லை. "உங்கள் மகளால் எல்லோரும் மாட்டிக்கொண்டோம்" என்று அபூபக்ர் (ரழி) அவர்களிடம் மக்கள் முறையிட, அவர்கள் வந்து மகளைக் கடிந்துகொண்டார்கள். நபியவர்களோ ஆயிஷா நாயகியின் மடியில் தலை வைத்து உறங்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு சொல்லும் கடிந்து சொன்னதாக இல்லை. அந்தத் தாமதத்தில்தான் தயம்மும் பற்றிய வசனம் இறங்கியது. கடைசியில் ஒட்டகத்தை எழுப்பியபோது அதன் கீழேயே மாலையும் கிடைத்தது.

பால் கொடுக்க ஒருமுறை, பம்பர்ஸ் மாற்ற ஒருமுறை வேனை நிறுத்தச் சொன்னால், "உங்களோடு வந்தால் இப்படித்தான்" என்று முகம் சுளிக்கும் கணவர்மாருக்கு இந்தச் சம்பவத்தை வாசித்துக் காட்டுங்கள்.

திட்டம் போடும்போது நீங்களும் இருங்கள்

மூவர் பிரயாணம் போனால் ஒருவரை அமீராக்கிக்கொள்ள வேண்டும் என்பது ஸுன்னத். குடும்பத்தில் வாப்பாதான் அமீர். ஆனால் அமீர் என்றால் ஆலோசனை கேட்காதவர் என்று அர்த்தமல்ல. ஹிஜ்ரி 6ஆம் ஆண்டு ஹுதைபிய்யாவில் ஸஹாபாக்கள் மனமுடைந்து நின்றபோது, உம்மு ஸலமா (ரழி) அவர்கள் சொன்ன யோசனையைத்தான் நபியவர்கள் ஏற்று நடந்தார்கள். அதுவும் ஒரு பயணத்தில் நடந்ததே. ஆகவே வேன் பேசுவதற்கு முன்பே, பிள்ளை எப்போது தூங்குகிறது, எப்போது பால் குடிக்கிறது என்று கணவரிடம் சொல்லுங்கள்.

காத்தான்குடியிலிருந்து நுவரெலியா போவதாக வைத்துக்கொள்வோம். செங்கலடி, மஹாஓயா, பதியத்தலாவை, மஹியங்கனை வழியாகக் கண்டிக்கு ஏறக்குறைய 200 கிலோமீட்டர். கண்டியிலிருந்து கம்பளை, புஸ்ஸல்லாவ, றம்பொடை வழியாக நுவரெலியாவுக்கு இன்னும் 80 கிலோமீட்டர் அளவில், முழுவதும் மலைப்பாதை. இதைக் கைக்குழந்தையோடு ஒரே நாளில் ஓடுவது கூடாத கணக்கு. இரண்டாகப் பிரியுங்கள்.

முதல் நாள் ஸுபஹுக்குப் பின் புறப்படுங்கள். உம்மத்தின் அதிகாலைக்கு பரகத்தை வேண்டி நபியவர்கள் துஆச் செய்திருக்கிறார்கள். அந்த நேரம் வெயிலும் இல்லை, பிள்ளையும் அரைத்தூக்கத்தில் இருக்கும். மஹாஓயாவில் காலைச் சாப்பாடு. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறையாவது நிறுத்தி, குழந்தையை ஆசனத்திலிருந்து எடுத்துக் கைகால் நீட்ட விடுங்கள். நடக்கப் பழகிய பிள்ளைகளை நிழலில் ஓட விடுங்கள். மஹியங்கனையில் நீண்ட ஓய்வு. சொரபொர வாவிக் கரையில் காற்று வாங்கலாம். தண்ணீரில் இறங்க வேண்டாம்.

ஹஸலக்க தாண்டியதும் பதினெட்டு வளைவு வரும். அதற்குச் சற்று முன் பிள்ளைகளுக்கு வயிறு முட்டக் கொடுக்காதீர்கள். இரண்டு வயதைத் தாண்டிய பிள்ளைகளுக்குத்தான் வாந்தி அதிகம். ஜன்னலைச் சற்றுத் திறந்து, தூரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். போனைக் கையில் கொடுக்காதீர்கள். வாந்தி மாத்திரையை டொக்டரிடம் கேளாமல் சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுக்கவே கூடாது. மேலே ஏற ஏறக் காது அடைக்கும். கைக்குழந்தை காரணம் தெரியாமல் வீரிட்டு அழும். பாதுகாப்பான இடத்தில் நிறுத்திப் பாலூட்டுங்கள். விழுங்கும்போது காதடைப்பு விடும். சாரதி அந்நிய ஆண் என்பதால் தாய் கூசுவாள். ஆண்கள் இறங்கி ஒரு பிளேன்ட்டி குடிக்கட்டும், அதற்குள் பிள்ளை பசியாறிவிடும்.

அன்றிரவு கண்டியில் தங்கி, மறுநாள் காலை நுவரெலியாவுக்கு ஏறுங்கள். திரும்பும்போதும் இப்படியே.

"இத்தனை இரவு அறை எடுக்க எங்கே காசு?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஏப்ரல் மாதத்து நுவரெலியாவில் அறை விலை கேட்கவே முடியாது. காசு போதாதென்றால் தூரத்தைக் குறையுங்கள், பிள்ளையின் ஓய்வைக் குறைக்காதீர்கள். கண்டியோடு நிற்கலாம், மஹாஓயா வெந்நீர் ஊற்றைப் பார்த்துவிட்டு மாலைக்குள் வீடு திரும்பலாம். இரண்டு வயதுப் பிள்ளைக்கு நுவரெலியாவும் ஒன்றுதான், வாப்பாவின் தோளில் ஏறிப் பார்க்கும் வாவிக்கரையும் ஒன்றுதான்.

ஒட்டகத்தைக் கட்டுங்கள்

ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது தவக்குல் வையுங்கள் என்ற நபிமொழியை அறியாதவர் இல்லை. ஆனால் வேனில் ஏறியதும் மறந்துவிடுகிறோம். முன் ஆசனத்தில் வாப்பாவின் மடியில் குழந்தை உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும். திடீரென்று பிரேக் போட்டால் எந்தக் கையாலும் அந்தப் பிள்ளையைப் பிடித்து வைக்க முடியாது. தாயும் பிள்ளையும் ஒரே பட்டிக்குள் மாட்டிக்கொள்வதும் ஆபத்து. மோதும்போது தாயின் பாரம் முழுவதும் பிள்ளையின் மேல் விழும். குழந்தை ஆசனம் ஒன்றை வாங்குங்கள், அல்லது உறவினரிடம் இரவல் கேளுங்கள். அதைப் பின்வரிசையில் இறுகக் கட்ட வேண்டும். கைக்குழந்தையின் ஆசனம் வாகனத்தின் பின்புறம் பார்த்தபடி இருக்க வேண்டும். வேன் பேசும்போதே, பின்வரிசையில் ஆசனப் பட்டி இருக்கிறதா, அது வேலை செய்கிறதா என்று கேட்கச் சொல்லுங்கள்.

இரவுப் பயணம் வேண்டாம். 2025 மே 11 அதிகாலையில் கொத்மலை கெரண்டியெல்லவில் பஸ் ஒன்று பள்ளத்தில் விழுந்து இருபதுக்கும் மேற்பட்டோர் மரணித்தார்கள். அதே ஆண்டு செப்டெம்பர் 4 இரவு எல்ல, வெல்லவாய வீதியில் நடந்த விபத்தில் 15 பேர் மரணித்தார்கள். மலைநாட்டு வளைவுகளை இருட்டில் கடக்க வேண்டிய அவசியம் சுற்றுலா போகும் குடும்பத்துக்கு இல்லை. சாரதியும் மனிதர்தான். பகலெல்லாம் ஓட்டியவருக்கு இரவில் படுக்க இடமும் நல்ல சாப்பாடும் கொடுப்பது அவருடைய ஹக்கு. மஹாஓயா, பதியத்தலாவைப் பக்கம் மாலை மயங்கினால் யானைப் பயமும் உண்டு.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையகத்தை எப்படிப் புரட்டிப்போட்டது என்று பார்த்தோம். மழை நாட்களில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விடுகிறது. புறப்படுமுன் அதைப் பாருங்கள். பாதை திறந்திருக்கிறதா என்று விசாரியுங்கள். எச்சரிக்கை இருந்தால் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள். அறைக்குக் கொடுத்த முற்பணம் போனால் போகட்டும்.

தூங்குகிறது என்று பிள்ளையை மூடிய வாகனத்துக்குள் விட்டுவிட்டு ஐந்து நிமிடமும் இறங்காதீர்கள். உள்ளே சூடு மிக விரைவாக ஏறும். அவசரத்துக்கு 1990 இலக்கத்தை அழைத்தால் சுவசெரிய அம்பியூலன்ஸ் இலவசமாக வரும்.

கைக்கெட்டும் பை

எல்லாவற்றையும் பெரிய பெட்டியில் போட்டு வேனின் பின்னால் அடைத்துவிடாதீர்கள். ஒரு சின்னப் பை உங்கள் காலடியில் இருக்கட்டும். பம்பர்ஸ், துடைக்கும் துணி, இரண்டு சோடி உடுப்பு, சொப்பிங் பேக் சில, கொதித்தாறிய தண்ணீர், ஜீவனி பக்கெட், டொக்டர் சொன்ன அளவு எழுதிய காய்ச்சல் மருந்து, பிள்ளையின் கிளினிக் கொப்பி ஆகியவை அதில் போதும். ஆறு மாதம் நிறையாத பிள்ளைக்குத் தாய்ப்பாலே போதும். தாகம் என்று தண்ணீர் கொடுக்க வேண்டாம். தாய் நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும். மூத்த பிள்ளைகளுக்கு வாழைப்பழமும் பிஸ்கட்டும், எல்லோருக்கும் வீட்டில் கட்டிய சோற்றுப் பார்சலும் இருந்தால் ஹலாலான கடை தேடி அலையத் தேவையில்லை. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,800 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. கரையோர வெயிலில் வளர்ந்த பிள்ளைக்கு அந்த இரவுக் குளிர் புதிது. தொப்பியும் காலுறையும் மறக்க வேண்டாம்.

தொழுகை தவறாமல்

"மௌலவி, பள்ளியில் பெண்களுக்கு இடமில்லை, பிள்ளை உடுப்பில் சிறுநீர் கழித்துவிட்டது, அதனால் தொழவில்லை" என்று தாய்மார் சொல்வதைக் கேட்கிறோம். மார்க்கம் பிரயாணிக்கு விசாலமாகவே வழி திறந்திருக்கிறது.

ஷாபிஈ மத்ஹபின்படி இரண்டு மர்ஹலா தூரம், அதாவது ஏறத்தாழ 80 கிலோமீட்டருக்கு மேற்பட்ட ஆகுமான பிரயாணத்தில், ஊரெல்லையைத் தாண்டியபின் நான்கு ரக்அத் தொழுகைகளை இரண்டாகச் சுருக்கலாம். ஸுபஹுக்கும் மஃரிபுக்கும் சுருக்கமில்லை. ழுஹரை அஸரோடும், மஃரிபை இஷாவோடும் சேர்த்துத் தொழலாம். முற்படுத்திச் சேர்ப்பதானால் முதல் தொழுகையிலேயே சேர்க்கும் நிய்யத் வேண்டும். இரண்டையும் இடைவெளியில்லாமல் தொழ வேண்டும். பிற்படுத்துவதானால் முதல் தொழுகையின் நேரம் முடிவதற்குள் நிய்யத் வைக்க வேண்டும். முழுமையாகத் தொழும் இமாமின் பின்னால் தொழுதால் நீங்களும் முழுமையாகவே தொழ வேண்டும். ஒரே இடத்தில், போய்ச் சேரும் நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக நான்கு நாட்கள் தங்க நாடினால் இந்தச் சலுகை அங்கே இல்லை.

மஹியங்கனையில் ழுஹர் நேரம் நுழைந்ததும் இரண்டையும் சுருக்கிச் சேர்த்துத் தொழுதுவிட்டால், கண்டி போய்ச் சேரும்வரை கவலையில்லை. பெண்கள் தொழும் இடம் எங்கே உண்டு என்று முன்கூட்டியே தொலைபேசியில் விசாரித்து வையுங்கள். இல்லாவிட்டால் முஸல்லாவை விரிக்க மறைவான ஒரு சுத்தமான இடம் போதும்.

பாலைத் தவிர வேறு உணவு உண்ணாத, இரண்டு வயது நிறையாத ஆண்குழந்தையின் சிறுநீர் பட்ட இடத்தில், பட்ட இடமெல்லாம் நனையும்படி தண்ணீர் தெளித்தால் போதும். உம்மு கைஸ் (ரழி) அவர்களின் குழந்தை நபியவர்களின் ஆடையில் சிறுநீர் கழித்தபோது அப்படித்தான் செய்தார்கள். பெண்குழந்தையானால், அல்லது உணவுண்ணும் பிள்ளையானால் கழுவ வேண்டும். தொழுவதற்கென்று ஒரு உடுப்பைத் தனியாகச் சுற்றி வைத்தால் அந்தக் கவலையும் இல்லை. நபியவர்கள் பேத்தி உமாமாவைச் சுமந்தபடியே தொழுதிருக்கிறார்கள். ஆனால் நஜீஸான பம்பர்ஸோடு பிள்ளையைத் தூக்கித் தொழ முடியாது; மாற்றிவிட்டுத் தக்பீர் கட்டுங்கள். இல்லையேல், முதலில் நீங்கள் தொழும்வரை பிள்ளையை வாப்பா வைத்திருக்கட்டும். அதுவும் அவருக்கு ஸவாப்தான்.

வாகனத்தில் ஏறும்போது ஓதும் துஆவைப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள். பேசப் பழகும் பிள்ளை வேன் கதவு மூடும் சத்தம் கேட்டதும் "பிஸ்மில்லாஹ்" என்று சொல்லத் தொடங்கினால், அந்தப் பயணத்தில் அது பெற்ற மிகப் பெரிய பரிசு அதுவே.

திரும்பி வந்ததும் நபியவர்கள் முதலில் பள்ளிக்குப் போய் இரண்டு ரக்அத் தொழுவார்கள். நாமும் இரண்டு ரக்அத் தொழுது அல்லாஹ்வுக்கு நன்றி சொல்வோம். வாப்பாமாரே, வந்த மறுநாள் காலை கடையில் சாப்பாடு எடுங்கள். ஊத்தை உடுப்புகளை அலசுவதிலும் கை கொடுங்கள். பிள்ளையைப் பெற்றவள் ஒரு நாள் நன்றாகத் தூங்கட்டும்.

யா அல்லாஹ்! பிரயாணத்தின் கஷ்டத்திலிருந்தும், திரும்பி வரும்போது குடும்பத்தில் காண நேரும் தீங்கிலிருந்தும் எங்களைக் காப்பாயாக! எங்கள் பச்சிளம் குழந்தைகளை உன் பாதுகாப்பில் வைப்பாயாக! ஆமீன். வஸ்ஸலாம்.