ஏழெழுத்தைப் பதின்மூன்றென எண்ணும் கட்டம்



கணினித் திரையில் தமிழ் தெரிந்தாலே தமிழ் ஆண்டுவிட்டதென்று மகிழ்வோர் நம்மிடை மலிந்துவிட்டனர். பொத்தானின் மேல் ‘சேமி’ என்று எழுதினர். கடமை முடிந்ததென்று கைகட்டி நின்றனர். மேற்பூச்சு மட்டுமே தமிழ்! அதன் கீழ் இயங்கும் உறுப்போ நம் எழுத்தின் இயல்பறியாதது.

சான்று காட்டுவோம். பத்தெழுத்தெல்லை வைத்த பெயர்க் கட்டத்தில் ‘தொல்காப்பியன்’ என்று எழுதிப் பாருங்கள். தொ, ல், கா, ப், பி, ய, ன் என ஏழே எழுத்து. ஆனால், எழுத்தை எண்ணாமல் குறியெண்களை எண்ணும் கட்டத்துக்கு அது பதின்மூன்று! எனவே ‘தொல்காப்பி’ என்று வெட்டி நிறுத்துகிறது. பெயரையே அறுக்கும் கருவிக்குத் தமிழ்க் கருவி என்று பெயரா?

கேடு இத்துடன் நின்றதா? குறியெண் வரிசையில் அடுக்கும் பட்டியல், அன்பனை முன்னும் அமுதனைப் பின்னும் வைக்கிறது. மகரத்துக்குப் பின் வரவேண்டிய னகரம் அங்கே முன்னே நிற்பதே கரணியம். ‘கொ’ என்னும் எழுத்தை இரு குறியெண்களாலும் எழுதலாம். கொம்பையும் காலையும் பிரித்து மூன்றாலும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றே, ஒப்பிட்டுத் தேடும் பொறிக்கு வெவ்வேறு!

1991இல் வந்த ஒருங்குறி, 1988ஆம் ஆண்டின் இந்தியத் தரமான இசுக்கியை ஒட்டித் தமிழுக்கு இடம் வகுத்தது. உயிர் பன்னிரண்டும் ஆய்தமும் அகரமேறிய மெய் பதினெட்டும் தனிக் குறியெண் பெற்றன. 247இல் எஞ்சியவை ஒட்டிச் சேர்ப்பனவாயின. 2010இல் தமிழ்நாட்டரசு அனைத்தெழுத்துக் குறியேற்றத்தை மாற்றாக ஏற்றது. ஆயினும் பொதுவழக்கு ஒருங்குறியே. பழியை அதன்மேல் சுமத்திவிட்டு நாம் உறங்கலாமா? எழுத்துத் திரளைப் பிரித்தறியும் விதியை அவ்வொருங்குறி நெறியே வகுத்துள்ளது. அதைக் கையாளாதது யார் குற்றம்?

வழியில்லை என்பாரும் உளர். பொய்! தேவைக்கேற்ற உறுப்பை ஒருமுறை ஆக்கிப் பல செயலிகளில் பொருத்தும் வழியை 1995இல் டெல்பி தந்தது. 1997இல் விசுவல் பேசிக்கின் ஐந்தாம் பதிப்பு தந்தது. 2002இல் டாட்நெட் தந்தது. கருவி இருக்கிறது, இல்லாதது மனமே!

செய்ய வேண்டியது இது. கட்டத்தை அடியிலிருந்து வரைய வேண்டா. இருக்கும் கட்டத்தினின்று புதியதொன்றைப் பிறப்பியுங்கள். அப்போதுதான் விசைப்பலகை இயக்கமும், பார்வையற்றோர்க்குத் திரையைப் படித்துக் காட்டும் வசதியும் கெடாமல் வரும். எழுத்தை எண்ணல், எழுத்தாக அழித்தல், இருவகைப் பதிவையும் ஒன்றாக்கல் ஆகிய மூன்றையும் அதனுள் அடக்குங்கள். பட்டியல் உறுப்புக்கும் அவ்வாறே தமிழ் அகரவரிசையைக் கற்பியுங்கள். எழுத்தெல்லையைப் பண்பாக வெளியே வையுங்கள். எல்லை எட்டியதை நிகழ்வாக அறிவிக்கச் செய்யுங்கள். எந்த ஒரு செயலியின் தரவுத்தளத்தையும் உள்ளே பிணைக்காதீர்கள்; பிணைத்தால் அடுத்த செயலிக்கு அது உதவாது. தனி நூலகமாகத் தொகுத்து, மூலநிரலோடு எல்லார்க்கும் திறந்து வையுங்கள்.

இன்று ஒவ்வொரு நிரலரும் தத்தம் செயலிக்குள் அதே ஓட்டையை அடைக்கிறார்; ஒருவர் அடைத்தது மற்றவர்க்குத் தெரிவதில்லை. நூறு பேர் நூறுமுறை அரைகுறையாய்ச் செய்வதை ஒருவர் ஒருமுறை செவ்வனே செய்தால் நூறு செயலிகளும் ஒரே நாளில் திருந்தும். பிழை கண்டால் ஓரிடத்தில் திருத்தினால் போதும். மறுபயன் என்பதன் பொருள் இதுவே.

தமிழ்நிரலரே! மேடையில் முழங்கும் தமிழ்ப்பற்று நும் நிரலில் எங்கே? பிறர் நம் எழுத்தைக் கற்றுக்கொண்டு வந்து கட்டம் ஆக்கித் தருவர் என்று காத்திருப்பது மானக்கேடு. தமிழின் எழுத்தைத் தமிழனே எண்ணிக் காட்டுக! எழுமின், ஆக்குமின், பகிர்மின்!